ஏட்டில் ஏறாத குற்றங்கள்

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன், மார்கழி மாதத்து விடியற்காலை ஒன்றில், வாசல் தூணோடு சேர்த்துப் பூட்டியிருந்த என் சைக்கிளைக் காணவில்லை. சங்கிலிப் பூட்டு மட்டும் இரண்டாக அறுபட்டு, பாதி போட்டிருந்த கோலத்தின் ஓரத்தில் கிடந்தது. இருபது வருஷங்களாக என்னைச் சுமந்து, கடைசிக் காலத்தில் என்னைவிட அதிகமாக முனகிக்கொண்டிருந்த அந்த வண்டிக்குச் சந்தையில் பெரிய மதிப்பு எதுவும் இராது என்பது எனக்குத் தெரிந்திருந்தும், களவு போன பொருளைச் சர்க்காருக்குத் தெரிவிப்பது பிரஜையின் கடமைகளுள் ஒன்று என்று சிறுவயதில் யாரோ சொல்லிக்கொடுத்திருந்த காரணத்தால், ஒரு வெள்ளைத்தாளில் மனுவை எழுதி, அறுந்த பூட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குப் புறப்பட்டேன்.

பாரா நின்ற இளைஞர் ரைட்டரைப் பார்க்கச் சொன்னார். ரைட்டர் என்று அங்கே அழைக்கப்படுகிற ஏட்டையா, வயதில் என்னையொத்தவர். மேசைமேல் கார்பன் தாளும், நூல் கோத்த ஊசியும், ஆறிப்போன டீயும் இருந்தன. என் மனுவை இரண்டு முறை நிதானமாக வாசித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"சார், 'திருடு போய்விட்டது'ன்னு எழுதியிருக்கீங்க. 'காணாமல் போய்விட்டது'ன்னு மாத்தி எழுதிக் குடுத்துடுங்க. சி.எஸ்.ஆர். ரசீது இப்பவே போட்டுத் தரேன்."

"பூட்டை அறுத்திருக்கிறார்களே, ஐயா?"

"பூட்டு கிடக்கட்டும் சார். திருட்டுன்னா எஃப்.ஐ.ஆர். போடணும். இந்த மாசம் ஏற்கெனவே நாலு ஆயிடுச்சு. அடுத்த வாரம் கிரைம் மீட்டிங். இன்ஸ்பெக்டர் ஐயா அங்க போய் நின்னு பதில் சொல்லணும் பாருங்க."

அவர் குரலில் மிரட்டல் இல்லை. குடும்பக் கஷ்டத்தை நம்பகமானவரிடம் சொல்லிக்கொள்ளும் தோரணைதான் இருந்தது. எனக்கும் ஒரு டீ வரவழைத்தார். நான் வேறொரு தாளில், என் கையாலேயே, காணாமல் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்து, ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தே வீடு திரும்பினேன்.

அற்பமான இந்தச் சம்பவத்தை நான் மறந்தே போயிருப்பேன். ஆனால் ராஜ்ய நிர்வாகத்தையும் பொதுஜனப் பாதுகாப்பையும் பற்றிச் சென்ற இருபது ஆண்டுகளில் வெளிவந்திருக்கும் ஆராய்ச்சிகளைப் படிக்கப் படிக்க, அந்த ரைட்டர் மேசையே திரும்பத் திரும்ப என் கண்முன் வந்து நிற்கிறது. முன்பெல்லாம் அரசியல் சாஸ்திரம் பயின்றவர்கள் அரசின் சக்தியை அளக்க வேண்டுமானால் அரசியல் சட்டத்தையோ, படைபலத்தையோ, வரவு செலவுத் திட்டத்தையோ எடுத்துக்கொள்வார்கள். இப்போதைய ஆராய்ச்சியாளர்களோ காவல் நிலையத்துப் பெஞ்சியில் போய் உட்கார்ந்து, வந்தவருடைய புகார் எழுதப்பட்டதா, இல்லையா என்று பார்க்கிறார்கள். பார்வைக்குச் சின்னதாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குள் சர்க்கார் யந்திரத்தின் பெரும்பகுதி அடங்கிக் கிடக்கிறது என்பது, அவர்களுடைய முடிவுகளைக் கோத்துப் பார்த்தபின் எனக்கு ஏற்பட்டிருக்கும் அபிப்பிராயம்.

முதலில், நம்மில் பெரும்பாலோர் தலைகீழாகப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு கணக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷந்தோறும் குற்றப் புள்ளிவிவரங்களை வெளியிடுகிறது. வெளியான மறுநாளே, இன்ன மாநிலத்தில் குற்றங்கள் பெருகிவிட்டன என்று எதிர்க்கட்சியும், இன்ன மாநிலத்தில் குறைந்துவிட்டன என்று ஆளுங்கட்சியும் அறிக்கை விடுகின்றன. அந்தப் புத்தகத்தில் இருப்பது நடந்த குற்றங்களின் எண்ணிக்கை அன்று. எழுதப்பட்ட குற்றங்களின் எண்ணிக்கை. படிப்பறிவிலும் பொதுஜன விழிப்பிலும் முன்னிற்கும் கேரளம் பல வருஷங்களில் அந்தப் பட்டியலின் உச்சியில் நின்றிருப்பதற்கு, அங்குள்ளவர்கள் மற்றவர்களைவிடத் துஷ்டர்கள் என்பது காரணமாக இருக்க முடியாது.

இதை ஊகமாக விட்டுவிடாமல் நிரூபித்துக் காட்டியவர்கள் லட்சுமி ஐயர், ஆனந்தி மணி, பிராச்சி மிஸ்ரா, பெட்டியா டோப்பலோவா என்ற நான்கு பொருளாதார நிபுணர்கள். அரசியல் சட்டத்தின் 73-ஆம் திருத்தம் பஞ்சாயத்துகளில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கிற்று. ஆனால் எல்லா மாநிலங்களும் அதை ஒரே நாளில் அமலுக்குக் கொண்டுவரவில்லை. ஒரு மாநிலம் முந்திக்கொண்டது, ஒரு மாநிலம் தேர்தலைத் தள்ளிப்போட்டது. தமிழ்நாட்டில் 1996-ல்தான் அத்தகைய தேர்தல் நடந்தது. இந்த முன்பின்னையே தராசாகப் பயன்படுத்தி, பெண்கள் பதவிக்கு வருவதற்கு முன்னும் பின்னும் குற்றக்கணக்கு எப்படி மாறிற்று என்று அவர்கள் ஒப்பிட்டார்கள். பெண்களுக்கு எதிரான குற்றங்கள், 2012-ல் வெளியான அந்த ஆராய்ச்சியின்படி, 46 சதவீதம் அதிகரித்திருந்தன!

அந்த எண்ணை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கிறவர், பெண்களைப் பதவியில் அமர்த்தியதனால் ஆண்கள் வெகுண்டெழுந்துவிட்டார்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிடக்கூடும். ஆராய்ச்சியாளர்கள் அவ்விதம் அவசரப்படவில்லை. ஆண் பெண் பேதமற்ற பிற குற்றங்களின் கணக்கு அப்படி ஏறவில்லை என்பதையும், பெண் தலைவர் இருக்கும் ஊர்களில் பெண்கள் போலீஸாரை அணுகுவதும் போலீஸார் அவர்களுக்குச் செவிகொடுப்பதும் மேம்பட்டிருந்ததையும் சேர்த்துப் பார்த்து, ஏறியது குற்றமல்ல, புகாரே என்ற முடிவுக்கு வந்தார்கள். அதுவரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதவள், பஞ்சாயத்துத் தலைவி தன் தெருவிலேயே இருக்கிறாள் என்ற தைரியத்தில் நிலையத்துப் படியேறினாள். ஏறியதனால் எண் ஏறிற்று. எங்கள் ஏட்டையா எந்த எண்ணுக்குப் பயந்தாரோ, அதே எண் இங்கே ஆரோக்கியத்தின் அறிகுறி ஆகிவிட்டது.

அப்படியானால் அந்த ரைட்டர் மேசையைத் திருத்துவது எப்படி? ராஜஸ்தானத்தில் நடந்த ஒரு பெரும் பரிசோதனையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. 2019-ல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும், ராகவேந்திர சட்டோபாத்யாயர், டேனியல் கெனிஸ்டன் ஆகியோருடனும், நீனா சிங் என்ற ஐ.பி.எஸ். அதிகாரியுடனும் சேர்ந்து அதை நடத்தினார்கள். நீனா சிங், பின்னாளில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக்குத் தலைவரான முதல் பெண்மணி. போலீஸ் சீர்திருத்தக் கமிஷன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிபாரிசு செய்துவந்த யோசனைகளை, 162 காவல் நிலையங்களில், எந்த நிலையத்துக்கு எந்த யோசனை என்பதைத் திருவுளச்சீட்டுப் போட்டுப் பிரித்துக் கொடுத்து, பலனை அளந்தார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை முறையைப் படித்திருக்கும் நமக்கு, சீட்டெடுப்பதில் பட்சபாதம் புக முடியாது என்ற தத்துவம் புதிதன்று. நல்ல இன்ஸ்பெக்டர் இருக்கும் நிலையத்தைப் பொறுக்கியெடுத்துச் சீர்திருத்தம் வெற்றி என்று காட்ட அதில் வழியில்லை.

யோசனைகள் நான்கு. காரணமின்றி உத்தியோகஸ்தர்களை இடம் மாற்றக்கூடாது என்பது ஒன்று. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுத்து, வேலைகளையும் முறைமாற்றித் தரவேண்டும் என்பது மற்றொன்று. ஊரார் ஒருவர் நிலையத்தில் அமர்ந்து நடப்பதைப் பார்க்கவேண்டும் என்பதும், விசாரணை முறையிலும் பொதுஜனங்களோடு பழகும் பண்பிலும் பயிற்சி தரவேண்டும் என்பதும் ஏனையவை. பலனை அளந்த விதம்தான் சுவாரசியமானது. பொருளைப் பறிகொடுத்தவர்கள் போல் சிலரைப் புகார் மனுவோடு நிலையங்களுக்கு அனுப்பினார்கள்! வழக்கு உண்மையிலேயே எழுதப்படும் தறுவாயில் அவர்கள் தாம் யாரென்று வெளிப்படுத்திக்கொள்வார்கள்; அதுவரை அந்த மேசையில் நடந்த உபசாரமோ அபசாரமோ குறிப்பேட்டில் ஏறிவிடும். மாறுவேடம் பூண்டு நகர்சோதனை வந்த அரசர்களைக் கதைகளில் படித்திருக்கிறோம். இது அந்தக் கதையின் நவீன அவதாரம்.

பயிற்சியும், இடமாற்றத் தடையும் பலன் தந்தன. குற்றத்துக்கு ஆளாகி நிலையத்துக்குப் போனவர்களின் திருப்தி உயர்ந்தது. வார ஓய்வும், முறைமாற்றமும், ஊர்ப் பார்வையாளரும் சொல்லத்தக்க பலன் எதையும் தரவில்லை. காரணம், அவை கெட்ட யோசனைகள் என்பதன்று. அவை சரிவர நடத்தப்படவே இல்லை. இடமாற்றத்தைத் தடுப்பதற்கு மேலிடத்து ஆணை ஒன்று போதும். பயிற்சிக்கு ஆட்களை அனுப்பிவைத்தால் போதும். ஆனால் வார ஓய்வை ஒவ்வொரு வாரமும் கொடுக்கவேண்டியவர் நிலையத்தின் தலைவர். தம்முடைய ஆட்களை எப்போது, எங்கே அனுப்புவது என்ற தமது அதிகாரத்தைக் குறைக்கும் சீர்திருத்தத்தை அவர் எதிர்க்கவுமில்லை, ஏற்கவுமில்லை. நாள் செல்லச் செல்ல நீர்த்துப்போக விட்டுவிட்டார். சர்க்கார் உத்தரவுகள் பெரும்பாலும் மடிவது இவ்விதமே அல்லவா? போலீஸாரின் நிலையைப் பற்றி காமன் காஸ் அமைப்பும் வளரும் சமுதாயங்களின் ஆராய்ச்சி மையமும் 2019-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, நம் நாட்டுக் காவலர் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 14 மணி நேரம் வேலை செய்கிறார். அந்தப் பதினாலாவது மணி நேரத்தில் ஒரு கிழவி வந்து கோழி திருட்டுப் போனதைச் சொன்னால், அவளிடம் இன்சொல் பேசுவதற்குச் சித்தபுருஷராக இருக்கவேண்டும்.

இடமாற்றம் என்ற அந்த ஒன்றைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை. முன்னே சொன்ன லட்சுமி ஐயரும் ஆனந்தி மணியும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளைப் பற்றிச் செய்த மற்றோர் ஆராய்ச்சியில், அவர்கள் ஒரு பதவியில் சராசரியாகப் பதினாறு மாதங்களே இருக்கிறார்கள் என்றும், முதலமைச்சர் மாறினால் மாற்றலுக்கான வாய்ப்பு மேலும் கூடுகிறது என்றும் கண்டார்கள். பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஏழு கட்டளைகளுள், காவல் நிலையத் தலைவருக்குக் குறைந்தது இரண்டு வருஷ நிலையான பதவிக்காலம் வேண்டும் என்பதும் அடங்கும். அந்தக் கட்டளையை மாநிலங்கள் எவ்வளவு ஆர்வத்தோடு நிறைவேற்றியிருக்கின்றன என்பதை, வாசகர் தம் ஊர் நிலையத்தில் தொங்கும் பெயர்ப்பலகையின் வரிசையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

போலீஸாரும் பொதுஜனங்களும் கூடிப் பேசிப் பழகினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது உலகெங்கும் பரவியிருந்த ஒரு நம்பிக்கை. இதைப் பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் ஒரே முறையில் சோதித்து 2021-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். ஜனங்களின் நம்பிக்கையும் வளரவில்லை, குற்றமும் குறையவில்லை. கூட்டம் போட்டுக் குறை கேட்ட அதிகாரி அடுத்த மாதம் மாற்றலாகிவிட்டார். குறையைத் தீர்ப்பதற்கோ ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. 1993-ல் ராமநாதபுரத்தில் தொடங்கிய 'போலீஸ் நண்பர்கள்' திட்டத்தை அறிந்த நமக்கு இந்த முடிவு சற்றுக் கசப்பாகவே இருக்கிறது.

எல்லாம் தோல்விதான் என்று எண்ணிவிடவேண்டாம். ராஜஸ்தானத்திலேயே, குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்களைப் பிடிக்கும் இரவுச் சோதனையை ஒரே இடத்தில் நிலையாக வைக்காமல் இடம் மாற்றி மாற்றி வைத்தபோது, இரவு விபத்துகள் 17 சதவீதமும் இரவு மரணங்கள் 25 சதவீதமும் குறைந்தன. நிலையாக ஓரிடத்தில் வைத்த சோதனையால் சொல்லும்படியான பலன் இல்லை. எந்தத் திருப்பத்தில் போலீஸ் நிற்கும் என்பதைக் குடிகாரர்கள் குடும்பஸ்தர்களைவிடத் துல்லியமாக அறிந்து வைத்திருக்கிறார்கள்.

மீண்டும் மேசைக்கு வருவோம். பெண்ணொருத்தி புகாரோடு வந்தால் அவளுக்கென்றே தனி நிலையம் இருந்தால் நல்லதா, அல்லது எல்லாருக்கும் பொதுவான நிலையத்துக்குள்ளேயே தனி மேசை இருந்தால் நல்லதா? இந்த விவாதத்தில் நமக்கும் பங்குண்டு. இந்தியாவின் முதல் மகளிர் காவல் நிலையம் 1973-ல் கோழிக்கோட்டில் திறக்கப்பட்டது. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் ஒன்று தொடங்கி, பிறகு அவை தமிழ்நாடெங்கும் பரவி, மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரியாயின. ஹரியானா 2015-ல் மாவட்டந்தோறும் மகளிர் நிலையம் திறந்தது. அதன் விளைவை நிர்விகார் ஜஸ்ஸல் என்ற அரசியல் அறிஞர் ஆராய்ந்தபோது, எதிர்பாராத ஒன்று தென்பட்டது. எழுதப்பட்ட புகார்கள் பெருகவில்லை; அதற்குப் பதிலாக, பொது நிலையங்களில் இருந்தவர்கள், "இது இங்கே வராதம்மா, மகளிர் ஸ்டேஷனுக்குப் போ" என்ற பாணியில் வந்தவளைத் திருப்பியனுப்பக் கற்றுக்கொண்டார்கள். மாவட்டத் தலைநகர் வரை பஸ் ஏறிப் போகவேண்டிய சிரமம் அவள் தலையில் விழுந்தது. போய்ச் சேர்ந்தாலும் வழக்குக்குப் பதில் சமாதானப் பேச்சே முந்திற்று. ஹரியானாவின் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட முதல் தகவல் அறிக்கைகளைத் திரட்டி அவர் பின்னர் செய்த ஆய்வும், பெண் கொடுத்த புகார் போலீஸிலும் நீதிமன்றத்திலும் படிக்குப் படி பின்தங்கிப்போவதையே காட்டுகிறது. மறுபுறம், சோஃபியா அமரல், சோனியா பலோத்ரா, நிஷீத் பிரகாஷ் ஆகியோர் பல மாநிலங்களை வைத்துச் செய்த ஆய்வில், மகளிர் நிலையங்கள் திறந்தபின் புகார்கள் 29 சதவீதம் உயர்ந்ததாகக் கண்டார்கள். இரண்டில் ஒன்றுதான் சரியென்று நான் பிடிவாதம் செய்யமாட்டேன். கதவைத் திறப்பதும், மற்றக் கதவுகளை அடைக்கச் சாக்குக் கொடுப்பதும் ஒரே காரியத்தின் இரண்டு முகங்களாக இருக்கக்கூடும்.

மத்தியப் பிரதேசம் மற்ற வழியைப் பரீட்சித்தது. சந்தீப் சுக்தங்கர், கேப்ரியல் குருக்ஸ்-விஸ்னர், அக்‌ஷய் மங்ளா ஆகிய மூவர், 2 கோடியே 34 லட்சம் ஜனங்களுக்குப் பொறுப்பான 180 நிலையங்களை எடுத்துக்கொண்டார்கள். மறுபடியும் திருவுளச்சீட்டு. சில நிலையங்களில் பெண்களுக்கென 'ஊர்ஜா' உதவி மேசை. சிலவற்றில் அதே மேசையில் பெண் அதிகாரிகளே பொறுப்பாளர். சில நிலையங்கள் பழையபடி. மேசை என்றால் மரச்சாமானை மட்டும் குறிப்பதன்று: ஒதுக்குப்புறமாக உட்கார்ந்து பேச ஓரிடம், இன்னது கேட்டால் இன்னது செய் என்ற நடைமுறை விதி, பயிற்சி, அக்கம்பக்கத்து மகளிர் குழுக்களோடு தொடர்பு ஆகிய யாவும் அதில் அடங்கும். 2022-ல் வெளிவந்த முடிவு இது: மேசை வைத்த நிலையங்களில் பெண்களின் புகார்கள் கூடுதலாக எழுதப்பட்டன, மேசையில் பெண் அதிகாரி அமர்ந்திருந்த நிலையங்களில் அது விசேஷமாகத் தென்பட்டது. ஆராய்ச்சி அச்சேறுவதற்கு முன்பே அந்த மாநிலம் 700 நிலையங்களுக்கு அத்திட்டத்தை விரித்துவிட்டது. மத்திய சர்க்காரும் இத்தகைய உதவி மேசைகளுக்கென நிர்பயா நிதியிலிருந்து 100 கோடி ரூபாய் ஒதுக்கியதுண்டு. பணம் ஒதுக்கிய இடமெல்லாம் மேசை மட்டும் வந்து, நாற்காலி காலியாக இருக்கும் அபாயத்தைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

புகார் எழுதப்படுவதற்கும் ஆட்சிக்கும் உள்ள இந்தச் சம்பந்தம் நேற்று முளைத்ததன்று. சென்னை ராஜதானியில் வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று 1854-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் பேச்செழுந்து, மூன்று பேர் கொண்ட கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டது. விரல்களை இரு கட்டைகளுக்கு நடுவே வைத்து நெருக்கும் 'கிட்டி' அப்போது தாலுகாக் கச்சேரிகளில் பிரசித்தம். வரி கேட்பவரும் போலீஸும் ஒருவரே, அதாவது தாசில்தாரே ஆகையால், அடித்தவரிடமே போய் அடித்ததைச் சொல்லவேண்டிய நிலைமை. கமிஷன் கேட்கிறது என்ற செய்தி பரவியதும், 519 பேர் நெடுந்தூரம் நடந்து நேரில் வந்தார்கள். 1,440 பேர் கடிதம் எழுதினார்கள். கச்சேரி வராந்தாவில் யாரையோ கெஞ்சி எழுதவைத்த ஓலையும் தாளுமாக அந்த ஆயிரத்துச் சொச்சம் விண்ணப்பங்கள் எப்படியிருந்திருக்கும் என்று நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். அதுகாறும் சர்க்கார் கணக்குப் புத்தகங்களைப் புரட்டியவருக்குச் சென்னை ராஜதானி சாந்தமான பிரதேசமாகவே தோன்றியிருக்கும். 1855-ல் அறிக்கை வந்தது. 1859-ல் போலீஸ் தனி இலாகா ஆயிற்று. அதையொட்டியே 1861-ஆம் வருஷத்து அகில இந்தியப் போலீஸ் சட்டமும் பிறந்தது.

சட்டத்தில் இப்போது குறையொன்றுமில்லை. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கையை எழுதியே தீரவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய நடைமுறைச் சட்டமோ, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரை ஏற்கவேண்டும் என்கிறது. கூடவே, மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஏழு வருஷத்துக்குட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் பதினாலு நாள் முன்விசாரணைக்கு இடமும் வைத்திருக்கிறது. அந்தப் பதினாலு நாட்களில் எத்தனை திருட்டுகள் காணாமல் போகுமோ! எழுதாதவனைத் தண்டிக்கச் சட்டம் போட்டுக்கொண்டே, எழுதினவனைக் கிரைம் மீட்டிங்கில் நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் வழக்கத்தையும் வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் நடுவே அகப்பட்டவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "மாத்தி எழுதிக் குடுத்துடுங்க" என்று சொல்லாமல் வேறென்ன செய்வார்? அவர்மேல் எனக்கு இன்றும் கோபமில்லை. டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அந்த நிலையத்தின் பக்கவாட்டில், புங்கமரத்தடியில், கைப்பற்றிய வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து துருவேறிக் கிடக்கின்றன. ஒரு மொபெட்டின் கைப்பிடி வழியாகக் கோவைக்கொடி ஏறிப் பழுத்திருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நடையைத் தளர்த்தி, குவியலின் அடியில் தெரியும் சைக்கிள் சக்கரங்களை ஒருமுறை பார்த்துக்கொள்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. சென்ற வாரம், பச்சை வண்ணம் உதிர்ந்த ஒரு மட்கார்டு என்னுடையதைப் போலவே இருந்தது. உள்ளே போய்க் கேட்கலாமென்று வாசல்வரை நடந்தேன். என் பெயரில் அங்கே எந்தத் திருட்டும் பதிவாகவில்லை என்பது படியில் கால் வைத்தபோது நினைவுக்கு வந்தது.